லேபல் உரிந்த டின்

அன்பு மகளுக்கு, வாப்பாவின் ஸலாம்.

காய்ச்சல் விட்டும் உம்மா சோற்றைத் தொடவில்லை. நம் துறைமுகக் கடைக்கு வரும் கப்பல்காரர் விரும்பும் முட்டைச் சலாதை இன்று நானே செய்தேன். அவித்த முட்டையை மசித்து, மிளகும் தேசிக்காய்ப்புளியும் சேர்த்து, ஒரு டின் கிறீமை உடைத்து ஊற்றினேன். கடல் ஈரத்தில் கடை டின்களின் லேபல்கள் உரிந்துபோயிருந்தன. ஆனாலும் குலுக்கிப் பார்த்தே உள்ளே என்ன என்று சொல்லிவிடுவேன் என்ற எண்ணம் எனக்கு.

உம்மா கோப்பையை வழித்துச் சாப்பிட்டா. “உப்பு அளவாத்தான் இருக்கு. கடையை மூடிப்போட்டுச் சமைக்கக் குசினிக்கே வாங்களன்” என்று சிரித்தா.

சட்டியில் இருந்த மிச்சத்தை வாயில் வைத்தவன் திகைத்துப்போனேன். ஊற்றியது கிறீமல்ல, தித்திக்கும் டின்பால். உப்புப் போடவே மறந்திருக்கிறேன்.

கல்யாண வீட்டு ஆணத்தில் உப்புக் கூடினால் சமையல்காரரைக் கூப்பிட்டு ஏசுகிறவ, நாக்கில் ருசி செத்ததை என்னிடம் மறைத்திருக்கிறா.

உன்னிடமாவது உண்மையைச் சொல்லுவா. உடனே புறப்பட்டு வா.

உன் வாப்பா