குடிக்காத மனுஷன்

ஜனவரி 11, சனி

கடையில் இன்று ஒரு லென்ஸை உடைத்துவிட்டேன். சாணையில் ஓரம் தேய்க்கும்போது கண் சொக்கிவிட்டது. ராத்திரி முழுக்க வீட்டுக்காரரின் வாந்தியை அள்ளிக்கொண்டிருந்தால் கண் சொக்காமல் வேறென்ன செய்யும்? முதலாளியம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

குடியை விட நினைக்கிறவர்கள் கூடிப் பேசும் கூட்டம் ஒன்று இந்தப் பக்கம் நடக்கிறதாம். கண்ணாடி வாங்க வந்த நர்ஸ் சொல்லி, விலாசமும் கொடுத்தார்.

ஜனவரி 19, ஞாயிறு

அந்த விலாசத்தில் இப்போது உடற்பயிற்சிக் கூடம். பீரோ மாதிரி ஒருத்தன் வந்து, "மெம்பரா சேரணுமாக்கா?" என்கிறான். என்னைப் பார்த்தால் எடை தூக்க வந்தவள் மாதிரியா இருக்கு? பாவம், அவன்தான் விசாரித்துச் சொன்னான், கூட்டம் டயர் கடை மாடிக்கு மாறிவிட்டதென்று.

மாடியில் வட்டமாக நாற்காலிகள், எல்லாம் ஆண்கள். ஒருவர் டீயைக் கையில் கொடுத்து, "பொம்பளைங்க இங்க படியேறி வர்றதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு எங்களுக்குத் தெரியும்மா" என்று கண் கலங்குகிறார். குடிக்கிறவள் நான்தான் என்று நினைத்துவிட்டார்கள்! "ஐயோ, நான் இல்லைங்க, வீட்டுக்காரர்!" என்றேன். எல்லோரும் சிரித்தோம். நான் சிரித்து எத்தனை நாளாயிற்று.

கூட்டத்தை நடத்துகிறவர் தையல்கடைக்காரர். டெய்லர் என்றே கூப்பிடுகிறார்கள். "யாரும் யாரையும் இழுத்துட்டு வர முடியாதும்மா. அவரா வரணும்" என்றார்.

அவரா வருவாராம். வந்துட்டாலும்!

பிப்ரவரி 2, ஞாயிறு

வந்தார்! இனி குடித்துவிட்டு வந்தால் வேலை இல்லை என்று அச்சகத்தில் சொல்லிவிட்டார்களாம். நான் கெஞ்சியதற்காக வரவில்லை. போகட்டும், யார் சொல்லி வந்தால் என்ன. அந்தக் குடி மட்டும் இல்லையென்றால் தங்கமான மனுஷன். கல்யாணமானதிலிருந்து எல்லோரிடமும் இதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 5, புதன்

குடிக்கவில்லை.

ஏப்ரல் 16, புதன்

இன்னும் குடிக்கவில்லை. போனில் அக்கா சந்தோஷத்தில் அழுதாள். நானும் அழுதேன்.

ஒரு சின்ன விஷயம். "கடை ஆறரைக்கு மூடுது. நீ ஏன் ஏழே காலுக்கு வர்ற?" என்று கேட்டார். முன்பெல்லாம் நான் வந்தேனா, வழியில் செத்தேனா என்றுகூட அவருக்குத் தெரியாது. இப்போது கேட்கிறார். அக்கறைதான். வேறென்ன?

ஜூன் 8, ஞாயிறு

இன்று குடும்பத்தாரும் வரலாம் என்றதால் போனேன். அவர் எழுந்து பேசினார். "இவ வாய்தாங்க என்னைக் குடிக்க வெச்சது. வீட்டுக்குள்ள நுழைஞ்சா நொய்நொய்னு ஒரே அரிப்பு." டெய்லர் இடைமறித்து, "நம்ம கதையை மட்டும் பேசுவோம் சார்" என்றார். இருந்தாலும் கடைசியில் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

என் போன் இப்போது அவர் சட்டைப்பையில். நேற்று என் துணிகளையெல்லாம் தரையில் அள்ளிப் போட்டு, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, இது யாருக்காக வாங்கினே, இது யாருக்காக என்று கேட்டார். சத்தமே போடாமல்.

குடிச்சிட்டு அடிச்சா பாதி அடி சுவத்துக்குப் போகும். இப்போ ஒண்ணுகூடத் தப்பலை. அடிக்கிறதுக்கு முன்னாடி ஜன்னலைச் சாத்துறான். கண்ணாடிக் கடையில நாலு பேர் பார்க்கிற மூஞ்சின்னு மூஞ்சியை விட்டுட்டு அடிக்கிறான். முன்னெல்லாம் காலைல எழுந்து கால்ல விழுவான். இப்போ எதுக்கு விழணும்? தெரிஞ்சுதானே பண்றான்!

குடிதான் காரணம்னு இத்தனை வருஷம் யாரை ஏமாத்தினேன்?

முதலாளியம்மாவின் போனை வாங்கி அக்காவிடம் சொன்னேன். "குடிச்சப்போ எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டே. திருந்தின மனுஷனைப் போய்க் குறை சொல்றியேடி, உனக்கே நல்லா இருக்கா?" என்றாள்.

அக்டோபர் 26, ஞாயிறு

அவருடைய பழைய கூட்டாளி பாட்டிலோடு வந்தான். "நான் விட்டுட்டேன்பா" என்று தன்மையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் அடுப்படியில் நின்றுகொண்டு, கடவுளே, இன்னிக்கு ஒரு வாய் குடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். குடிச்சா தூங்கிடுவான்.

நானா வேண்டினேன்? நானேதான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஒரு வருஷம் குடிக்காமல் இருந்ததற்கு அவருக்குப் பதக்கம். "இதெல்லாம் இவளாலதான்" என்று சொல்லி என் தோளில் கை போட்டார். எந்தத் தோள் வீங்கியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அந்தத் தோளில்தான் போட்டார், அழுத்தி.

டெய்லர் மைக்கை நீட்டினார். "ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா."

"என் வீட்டுக்காரர் இப்போ குடிக்கிறதே இல்லைங்க" என்றேன். கைதட்டல். அது அடங்கும்வரை நின்றேன். "முந்தாநாள் என்னை அடிச்சப்பவும் குடிச்சிருக்கலை."

அவர் சிரித்துக்கொண்டே, "இவ இப்படித்தாங்க, விளையாடுவா" என்றார். நான் தோளைக் காட்டினேன்.

பின்வரிசையில் யாரோ, "ஒரு வருஷ உழைப்பைக் கெடுத்துட்டாங்களே. இன்னிக்கு அவர் குடிச்சிட்டா யாரு பொறுப்பு?" என்றார். டெய்லர் மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றார். "இன்னிக்கு வீட்டுக்குப் போகாதீங்கம்மா" என்றார்.

நேரே முதலாளியம்மாவிடம் போய், அவங்க போனிலிருந்து அக்காவைக் கூப்பிட்டேன். என் குரல் என்று தெரிந்ததும் வைத்துவிட்டாள். அதற்குள் அவர் பேசியிருப்பார்.

கடையின் பின்னறையில், சாணைக்குப் பக்கத்தில் படுக்கையை விரித்திருக்கிறேன். அவன் குடித்திருப்பானா என்று ஒரு தடவை நினைப்பு வந்தது. குடிக்கட்டும், குடிக்காமல் இருக்கட்டும். தாழ்ப்பாள் போட்டுவிட்டேன்.