வசந்தாவுக்கு, பூனை தணிகாசலம் எழுதுவது

என் வசந்தாவுக்கு,

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். வேறு யார் வாயிலாவது கேட்டால் நீ இன்னும் அதிகமாகச் சிரிப்பாய்.

போன ஆடி மாதம் மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கன்றுக்குட்டி, ஆடு, கோழி என்று ஆளுக்கொன்று பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒருவன்தான் மடியில் பட்டுப்புடவைப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஆட்டோடு இருந்தவர் பெட்டியையே பார்த்தார்.

"டாக்டரு வீட்ல கல்யாணமாப்பா? பொடவ இன்னா வெல?"

நான் வாயைத் திறப்பதற்குள் பெட்டி 'மியாவ்' என்றது. ஆடு மிரண்டுபோய் அவர் காலை மிதித்துவிட்டது. சீட்டு எழுதுகிற இடத்தில் பெயர் கேட்டார்கள், என் பெயரைச் சொன்னேன். இன்னா பிராணி என்றார்கள், பூனை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து ஒரு குரல். "பூனை தணிகாசலம்! பூனை தணிகாசலம் யாருங்க?"

எழுந்து நின்றேன். வேறென்ன செய்வது? அந்த ஆட்டுக்காரர் நம் பக்கத்துத் தெருக்காரர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மறுநாள் டீக்கடையில் "வாப்பா பூன" என்றார்கள். முப்பது வருஷம் தறியில் உட்கார்ந்து நான் வாங்காத பேரை ஒரு காலைப்பொழுதில் வாங்கிவிட்டேன்.

நீ என்ன கேட்பாய் என்று தெரியும். "பூனைய கண்டா கொம்பெடுத்துகினு ஓடுவீங்களே, நீங்களா?" நான்தான். எல்லாம் உன் மகள் வேலை.

பவி இப்போது வேலைக்குப் போகிறாள். நர்சரி பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒருநாள் சாயந்திரம் மழையில் நனைந்து வந்தவள், துப்பட்டாவைப் பிரித்துக் காட்டினாள். மூன்று குட்டிகள். பவர்லூம் ஷெட்டுக்குப் பின்னால் சிமெண்ட் சாக்கில் கட்டிப் போட்டிருந்தார்களாம். மூன்றுக்கும் கண் சீழ் பிடித்து ஒட்டிப்போயிருந்தது. மூச்சு விட்டால் மூக்கில் குமிழி வந்தது.

"எவ்ளோ நாளைக்கு?" என்றேன்.

"ஒடம்பு தேர்ற வரைக்கும்பா. அப்புறம் நல்ல வீடா பாத்து குடுத்துரலாம். வேலூர்ல ஒரு குரூப்பு கீது, அவங்க வீடு பாத்து குடுப்பாங்க."

"மருந்துக்கு எவ்ளோ ஆவும்?"

அவள் உன்னைப்போலவே என்னைப் பார்த்தாள். என் வாயில் முதலில் விலைதான் வரும் என்று நீ சொல்வாயே, சாமியே நேரில் வந்தாலும் 'இன்னா வெல'ன்னு கேப்பீங்க என்று. கூலியைப் பேசிப்பேசியே வளர்ந்த வாய். வேறு எப்படி இருக்கும்?

அன்றைக்கு அந்தக் குட்டிகளைப் பார்த்ததும் உன் செவலைப் பூனைதான் ஞாபகம் வந்தது. பட்டு நூலும் பூனையும் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது என்று நான் முன்வாசலில் விரட்டுவேன். நீ பின்பக்கம் போய்க் கருவாட்டுத் தலையை வைப்பாய். அது ஒருநாள் நம் தறிக்குழிக்குள் இறங்கி, நான் கால் வைத்து மிதிக்கிற இடத்திலேயே நான்கு குட்டி போட்டுவிட்டது. நான் கொம்பைத் தேடினேன். நீ குழியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டாய்.

"கொழந்த பொறந்த வூடு. ஒரு வாரம் தறி நிக்கட்டும்."

நின்றது. புடவை ஏன் வரவில்லை என்று முதலாளி ஆள் அனுப்பினார். நீ அசராமல் "வூட்ல பிரசவம்னு சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாய். அன்று சாயந்திரமே முதலாளி ஆப்பிளும் ரொட்டியுமாக வந்து நின்றாரே! பவி அப்போது எட்டாம் வகுப்பு. அவர் என்னை ஓரமாக அழைத்துப்போய், "இன்னா தணிகாசலம், இந்த வயசுல…" என்று இழுத்தார். நீ கதவுக்குப் பின்னால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாய். அந்தச் சிரிப்பு அடங்க எத்தனை நாள் ஆயிற்று? ஆப்பிளை அறுத்துக் கொடுக்கும்போதுகூடச் சிரித்தாய்.

இந்தக் குட்டிகள் கதைக்கு வருகிறேன். முதல் நாளே ஒரு தப்பு செய்தேன். பவி பள்ளிக்கூடம் போனதும் பாவமாக இருக்கிறதே என்று பசும்பாலைக் காய்ச்சி, சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் மூன்றுக்கும் வயிற்றோட்டம். மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் அம்மா என்னை நிற்கவைத்துத் திட்டினார். பூனைக்குட்டிக்கென்று தனியாகப் பால் மாவு இருக்கிறதாம். வேலூரிலிருந்து வரவழைத்தோம். அந்த டப்பா விலைக்கு நம் வீட்டில் அரை மாதம் காபி ஓடும். கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்து, சளிக்கு ஒன்று, பூச்சிக்கு ஒன்று. ஊசி இல்லாத சிரிஞ்சில் மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் பால். பவி இல்லாதபோது அது என் வேலை. சூட்டுக்கு வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைப்பேன். இழை அறுந்தால் முடிச்சுப் போட்டுப் பழகிய விரல் ஆயிற்றே, குட்டியின் வாயைத் திறப்பது சுலபமாகவே வந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

கறுப்புக்குட்டி தங்கவில்லை. மூன்றாம் நாள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே என் உள்ளங்கையில் அடங்கிவிட்டது. பின்பக்க முருங்கைக்குக் கீழே வைத்தேன். பவி அழுதாள். நான் அழவில்லை. அன்று தறியில் நான்கு இடத்தில் தப்பு விழுந்தது, அவ்வளவுதான்.

வெள்ளைக்குட்டி தேறிவிட்டது. சந்தவாசலில் ஒரு போஸ்ட்மேன் வீட்டுக்குக் கொடுத்தோம். பெண் கொடுக்கிற மாதிரி நானே பஸ்ஸில் கொண்டுபோய் விட்டுவந்தேன், போதுமா?

மிச்சம் இருந்தது ஒன்று. சாம்பல் உடம்பில் அங்கங்கே மஞ்சள் புள்ளி. புடவையில் நெய்கிற புட்டாப் பூ மாதிரியே இருக்கிறது என்று புட்டா என்று பேர் வைத்தேன். நான் தறியில் உட்கார்ந்தால் அது என் பக்கத்தில், நீ நூலைத் தாரில் சுற்றுகிற இடத்தில் வந்து உட்காரும். விரட்டத் தோன்றவில்லை. அந்த இடம் காலியாகத்தானே கிடந்தது.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், பவி வீட்டில் இருந்தாள். புட்டா மூலையில் உட்கார்ந்து ஓங்கரித்தது. போய்ப் பார்த்தால் வாயோரத்தில் அரக்குச் சிவப்பில் ஒரு பட்டு இழை தொங்குகிறது. என் தறி நூல்தான்.

நூலைப் பார்த்தால் நெசவுக்காரன் கை சும்மா இருக்குமா? சிக்கல் விழுந்த இழையை அறுக்காமல் உருவுவதில் நான் கெட்டிக்காரன் என்று இந்தத் தெருவே சொல்லும். விரலை நனைத்துக்கொண்டு மெதுவாக உருவினேன். ஒரு சாண் வந்தது. அப்புறம் எங்கோ பிடித்துக்கொண்டது. தறியில் செய்கிற மாதிரியே கொஞ்சம் தளர்த்தி, மறுபடியும் இழுத்தேன். குட்டி கத்தியது பார், வசந்தா, அந்த மாதிரிச் சத்தம் அது போட்டதே இல்லை. பவி சாப்பிடுகிற கையோடு ஓடிவந்தாள்.

"அப்பா, உடு! இழுக்காத! உடுப்பா!"

மாட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். "நூல இழுக்கவே கூடாதுய்யா. உள்ள ஒரு முனை மாட்டிகினு இருக்கும். நீ இழுத்தா கொடல் சுருக்குப்பை மாதிரி சுருங்கி அறுந்துபோயிடும். இங்க முடியாது, ஜல்தியா வேலூருக்கு எடுத்துகினு போங்க."

வேலூர் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எந்த விரலை வைத்து இத்தனை வருஷம் சோறு தின்றேனோ அந்த விரலாலேயே அதைக் கொன்றுவிட்டேனோ என்று விரலையே பார்த்துக்கொண்டு போனேன். இன்னொன்றும் அந்த பஸ்ஸில்தான் உறைத்தது. நீ இருந்தவரை வெட்டிப்போட்ட இழை ஒன்றுகூடத் தரையில் கிடக்காது. கூட்டிப் பொறுக்கி ஊறுகாய் பாட்டிலில் போட்டு, மூடியை இறுக்கி, மேலே வைப்பாய். "இத இன்னாத்துக்கு சேக்கற, சேட்டுகிட்ட விக்கவா?" என்று நான் கேலி பண்ணுவேன். நீ இன்னொரு இழையைப் பொறுக்கிப் போடுவாய். அது சிக்கனம் இல்லை, உன் செவலைப் பூனைக்காக என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. நீ போன பிறகு இழைகளை நான் அப்படியே குழியோரம் போட்டுவிட்டேன்.

வேலூரில் தனியார் டாக்டர் ஒருவர், சின்ன வயசு. வயிற்றை அமுக்கிப் பார்த்தார், படம் எடுத்தார். வெளியே வந்து சொன்னார். "வயித்த திறந்துதாங்க எடுக்கணும். ரொம்ப சின்ன குட்டி. பொழைக்கும்னு உறுதியா சொல்ல மாட்டேன். செய்யாம விட்டா நிச்சயமா பொழைக்காது. செலவும் கொஞ்சம் ஆகும். என்ன பண்ணலாம்?"

பவி என் வாயைப் பார்த்தாள். காதில் இருந்த கம்மலை அவள் கை தானாகத் தொட்டுக்கொண்டது. என் வாயில் என்ன வரும் என்று அவளுக்கு மனப்பாடம் அல்லவா?

"பண்ணுங்க டாக்டர்," என்றேன்.

"செலவு எவ்ளோன்னா…"

"அது அப்புறம். மொதல்ல உள்ள எடுத்துகினு போங்க."

ஒரு மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு வேறு ஒரு ஆஸ்பத்திரி பெஞ்சு ஞாபகம் வந்தது. அதை உனக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

உன் வயிற்றில் கட்டி என்று தெரிந்த நாள். டாக்டர் வந்து உடனே ஆபரேஷன் செய்யணும் என்றார். நீ சக்கரக் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாய். எனக்கு வாயில் முதலில் வந்தது, "எவ்ளோ ஆவும் டாக்டர்?" ஆபரேஷன் நடந்தது, எந்தக் குறையும் வைக்கவில்லை, அதற்கப்புறம் எட்டு மாசம் நீ வீட்டில் இருந்தாய். எல்லாம் சரிதான். ஆனால் முதல் வார்த்தை அதுதான். அந்த எட்டு மாசமும் நீ என்னைக் கேலி பண்ணாத நாள் இல்லை. நான் வைத்த ரசம், கட்டிய வேட்டி, விட்ட குறட்டை, ஒன்றையும் விடவில்லை. இது ஒன்றை மட்டும் சொல்லிக்காட்டவே இல்லை. அதனால்தான் நீ கண்ணை மூடியிருந்தாயே தவிர தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

டாக்டர் ஒரு சின்னக் கிண்ணத்தோடு வந்தார். உள்ளே என் அரக்கு இழை, சுருண்டு கிடந்தது. "பொழைச்சிரும்னு நினைக்கறேன். நல்ல நேரத்துல வந்தீங்க. இது நீங்க நெய்யற நூலா?"

"ஆமாங்க. கெட்டி நூலு," என்றேன், பெருமையாக. பவி என் காலை மிதித்தாள்.

பாதிச் செலவை பவியின் குரூப்பில் சேர்த்துக் கொடுத்தார்கள். மீதிக்கு முதலாளியிடம் முன்பணம் கேட்கப் போனேன். அவருக்கு இப்போது வயசாகிவிட்டது, ஞாபகம் மட்டும் மங்கவில்லை.

"இன்னா தணிகாசலம், மறுபடியும் பிரசவமா?"

"இல்லிங்க. இந்த வாட்டி ஆபரேஷனு."

சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "அந்தம்மா இருந்திருந்தா இன்னாவெல்லாம் சொல்லியிருக்கும்," என்றார். நான் சட்டென்று வெளியே வந்துவிட்டேன்.

புட்டாவுக்கு இப்போது தையல் ஆறி முடி முளைத்துவிட்டது. படவேட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நல்ல மாதிரி. இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். வளர்த்துக் கொடுக்கிறது என்றால் கொடுக்கத்தானே வேண்டும்? பவி தைரியமாக இருக்கிறாள். நான் நேற்று முதல் அதற்குக் கருவாடு வாங்கிப் போடுகிறேன். வேலூரில் இன்னும் இரண்டு குட்டி இருக்கிறதாம், ஒன்றுக்குக் கால் உடைந்திருக்கிறதாம். பவி நேரடியாகக் கேட்கவில்லை, போனில் படத்தைத் திறந்து என் பக்கமாக வைத்துவிட்டுப் போனாள். புடவைப் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்திருக்கிறேன்.

உன் ஊறுகாய் பாட்டிலைக் கீழே இறக்கி, தறிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். நீ போட்ட மயில் பச்சைக்கும் மாம்பழ மஞ்சளுக்கும் மேலே இப்போது என் இழைகள் விழுகின்றன. இனிமேல் இந்த வீட்டுத் தரையில் ஒரு இழை கிடக்காது, வசந்தா. எந்தக் குட்டி வந்தாலும் சரி, முதல் வார்த்தையாக விலை கேட்கமாட்டேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு.

அன்றைக்கு வேலூரிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் பவி என் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டாள். "இன்னாப்பா, கடைசி வரைக்கும் எவ்ளோன்னு கேக்கவே இல்ல?"

"மறந்துட்டேம்மா," என்றேன்.

ஒருவாட்டி கேட்டதே போதும்மா என்று அவளிடம் சொல்லவில்லை.

உன் வீட்டுக்காரன்,
பவி அப்பா