செங்காயும் பழமும்

19.07.2024, வெள்ளி

கிணற்றடிப் பப்பாமரத்தில் ஒரு பழம் மஞ்சள் கோடு விட்டிருக்கிறது. கிளி கொத்த முதல் ஆய வேண்டும்.

மிட்வைஃப் பிள்ளை ஜெசிதா வந்துபோனாள். மருமகள் பிரதீபாவுக்கு மூன்றாம் மாதம். இரத்தம் குறைவாம். இரும்புச்சத்துக் குளிசை போடத் தொடங்கியதிலிருந்து மலச்சிக்கல் வேறு. வீட்டில் என்ன பழம் நிற்குது என்று கேட்டாள். பப்பா என்றேன். பிரதீபாவின் முகம் செத்துப்போனது. ஜெசிதா அதைக் கவனித்துவிட்டுத்தான் சொன்னாள்:

"நல்லாப் பழுத்ததெண்டா பயப்பிடாமல் சாப்பிடலாம். மலச்சிக்கலுக்கும் நல்லது, குளிசையிலை இருக்கிற இரும்பு உடம்பிலை சேரவும் உதவும். ஒரு கிண்ணம் காணும், அதுக்கு மேலை வேண்டாம். சீனி போட்டு அடிச்சுக் குடுக்காதேங்கோ அம்மா. காயும் அரைகுறையாப் பழுத்த செங்காயும்தான் கூடாது. அதின்ரை பால்தான் கர்ப்பப்பையை இறுக்கும் எண்டு சொல்லுறது."

எனக்கு இது போதும்.

21.07.2024

என் கணவரின் அக்கா செல்வநாயகி மச்சாள் நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறார். காற்றில் கேட்டிருக்கும். காலையிலேயே வந்து நின்றார்.

"போன வருஷம் பட்டது காணாதோ, நாகேஸ்? அந்த மரத்தைத் தறிச்சு எறி எண்டு அப்பவே சொன்னனான்."

போன வருஷம் பிரதீபாவுக்குக் கரு தங்கவில்லை. அதற்கு முந்தின வாரம் இரண்டு துண்டு பப்பாப்பழம் சாப்பிட்டிருந்தாள். சாப்பாட்டால் வந்ததில்லை, தொடக்க மாதங்களில் இப்படி நடக்கிறதுதான் என்று டொக்டர் சொன்னார். மச்சாள் வேறு தீர்ப்புச் சொன்னார். ஊர் மச்சாளின் தீர்ப்பைத்தான் எடுத்துக்கொண்டது.

அன்றைக்குப் பிறகு பிரதீபா அந்த மரத்துக்குக் கிட்டப் போகிறதில்லை. உடுப்புக் காயப்போட வீட்டைச் சுற்றிக்கொண்டு மற்றப் பக்கத்தால் போகிறாள். ஒரு வருஷமா அந்தப் பிள்ளை, தான்தான் தன்ரை பிள்ளையைத் திண்டவள் எண்டு நினைச்சுக்கொண்டு திரியுது. உந்தப் பாரத்தை ஆர் இறக்கி வைக்கிறது? மகன் ஜெயதீபன் கொழும்பில் வேலை. இவர் அக்காவுக்கு எதிராக மூச்சும் விடமாட்டார்.

நான்தான்.

02.08.2024

கிண்ணத்தில் வெட்டி மேசையில் வைத்தேன். பிரதீபா தொடவில்லை. நாளைக்கும் வைப்பேன்.

18.08.2024

இவர் கேட்டார்: "ஏன் இந்த வீம்பு? கொய்யாப்பழமும் நல்லதுதானே?"

நல்லதுதான். விற்றமின் சி பப்பாவிலும் பார்க்கக் கொய்யாவில் கூட. அது எனக்கும் தெரியும். ஆனால் கொய்யாவின் மேல் பழியில்லையே.

06.09.2024

நாளைக்கு ஆவணிச் சதுர்த்தி. மச்சாள் வருவார். மோதகத்தோடு பப்பாப்பழத்தையும் பிள்ளையாருக்குப் படைக்கப் போகிறேன். எங்கள் வீட்டில் யாரும் பப்பா படைத்ததில்லை. படைக்கக்கூடாது என்றும் யாரும் சொன்னதில்லை. பிள்ளையார் முன்னால் வைத்ததை மச்சாள் வேண்டாம் என்று சொல்லட்டும், பார்ப்பம்.

மரத்தில் ஒன்றுதான் தேறும். இன்னும் மூன்று நாள் விட்டால் நல்லது. பிள்ளையார் மூன்று நாள் பொறுப்பாரா?

07.09.2024, சதுர்த்தி

படைத்தேன். தீபம் காட்டி முதல் துண்டை மச்சாளின் கையில் வைத்தேன். என்னைப் பார்த்தார், பிள்ளையாரைப் பார்த்தார். கண்ணில் ஒற்றி வாயில் போட்டார். சிரிப்பை அடக்கப் பட்ட பாடு.

பிரதீபாவும் பிரசாதம் என்று இரண்டு துண்டு எடுத்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு.

பொழுதுபட முதல் கத்தியைக் கழுவினேன். கைப்பிடி ஓரத்தில் வெள்ளையாய் ஒட்டியது. தோலைக் கிளறிப் பார்த்தால் காம்புப் பக்கத்தில் பால். தொட்ட விரல் அரித்துக் கடித்தது.

பழமில்லை. செங்காய். மச்சாளை வெல்ல வேணும் எண்ட அவசரத்திலை கண் தெரியாமல் போச்சு எனக்கு.

08.09.2024

விடியப் பிரதீபாவுக்கு அடிவயிற்று நோ. ஆசுப்பத்திரியில் வீட்டுக்கு விடாமல் மறித்துவிட்டார்கள்.

பிள்ளையாரே, என்ரை வீம்புக்கு அவளைத் தண்டியாதை. என்னைத் தண்டி.

10.09.2024

சிறுநீர் சோதித்தார்கள். சலத்தில் கிருமி. மருந்து தந்தார்கள். பிள்ளையின் இருதயம் நன்றாக அடிக்குதாம், எனக்கும் கேட்கத் தந்தார்கள். நான் ஒளிக்காமல் செங்காய்க் கதையையும் டொக்டரிடம் சொன்னேன். அந்த இரண்டு துண்டால் வந்த நோவில்லை என்றார். ஆனாலும் இனிமேல் நல்லாப் பழுக்காததைக் கொடுத்தால் உங்களைத்தான் மறிச்சு வைப்பன் என்று பேசினார். பேச்சு வாங்க வேண்டியவள்தான்.

வீட்டுக்கு வந்தால் கிணற்றடியில் அடிக்கட்டை.

"அக்கா சொன்னவ," என்றார் இவர். கோடாலியை எடுத்துக் கொண்டுபோய் வைத்தார்.

மச்சாள் படலையில் நின்று கேட்டார். "இப்ப பாத்தியே?"

"ஓம் மச்சாள், பாத்தன். சலத்திலை கிருமியாம். அதுக்கு எந்த மரத்தைத் தறிக்கிறதெண்டு டொக்டரிட்டைக் கேக்க மறந்துபோனன்."

செங்காய் கொடுத்தது என் பிழை. பழத்தில் பிழையில்லை. இரண்டையும் ஒன்றாய்ச் சேர்த்து எழுத மாட்டேன்.

25.09.2024

நெல்லியடிச் சந்தையில் ஒரு பழம். அமத்திப் பார்த்து, மணந்து, காம்படியையும் கிள்ளிப் பார்த்தேன். "பழம் வாங்க வந்தனீங்களோ, பொம்பிளை பாக்க வந்தனீங்களோ?" என்றான் கடைக்காரன். அவனுக்கென்ன.

வெட்டும்போது பிரதீபா குசினி வாசலில் நின்றாள்.

"மாமி, மரம் போனது என்னாலையோ?"

"இல்லைப் பிள்ளை. ஊர் வாயாலை."

கிண்ணத்தைத் தானே இழுத்து, நின்ற நிலையிலேயே முழுவதையும் சாப்பிட்டாள். நான் விதையை வழித்து எறியப் போனபோது கையைப் பிடித்தாள். "எறியாதேங்கோ."

12.02.2025

பெட்டைப்பிள்ளை. தாயும் சுகம். முருகா, பூசத்துக்கு மறுநாள் தந்தாய்.

23.02.2025

துடக்கு வீடு. சாமியறை திறக்காமல் கை பரபரக்கிறது.

மச்சாள் ஒரு பையோடு வந்தார். பிள்ளையைப் பார்த்து, எங்கள் பக்கத்து மூக்கு என்று சொல்லிவிட்டுப் பையை என்னிடம் நீட்டினார்.

"பால்சுறா மீனோடை சேத்துக் கறி வைச்சுக் குடு. பால் நல்லாச் சுரக்கும்."

உள்ளே, காம்பில் பால் காயாத ஒரு பப்பாக்காய்.

"மச்சாள், உது பப்பா."

"தெரியும். பெத்தவளுக்கு உதுதான் மருந்து. சந்தை முழுக்கத் தேடி வாங்கினது."

"கிணத்தடியிலை ஒண்டு நிண்டது. ஞாபகமோ?"

மச்சாள் முகத்தை யன்னல் பக்கம் திருப்பினார். அங்கே இடுப்பளவு உயரத்தில், பழைய அடிக்கட்டைக்குப் பக்கத்தில் ஒரு பப்பாக்கன்று நின்றது.

"உதை ஆர் வைச்சது?"

அறைக்குள்ளிருந்து பிரதீபாவின் குரல் வந்தது.

"நான்தான் வைச்சனான் மாமி. பூவும் விட்டிருக்கு. பாத்திட்டுப் போங்கோ."

மச்சாள் எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். நான் காய் சீவிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கப்பி கிறீச்சிட்டது. பிறகு மண்ணில் தண்ணீர் விழுகிற சத்தம்.

வெறும் வாளியோடு திரும்பி வந்தார்.