ஆறாம் நிறுத்தத்துப் பெஞ்சுக்கு யார் முன்னே வந்தது

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற சீட்டு விற்பனையாளர் (பழைய படகுத்துறை, முப்பது ஆண்டுப் பணி),
மாடி வீடு, கிடங்குத் தெரு,
ஆற்றங்கரைப் புறநகர்.

பெறுநர்:
நகராட்சி அலுவலர் அவர்கள்,
பூங்கா மற்றும் பாரம்பரிய நடைப் பிரிவு.

பொருள்: ஞாயிறு நடையின் ஆறாம் நிறுத்தத்தில் தவறான வரலாறு சொல்லப்படுவது – அதையே அடுத்த மாதம் முதல் தேதி பித்தளைத் தகட்டில் பொறித்துப் பதிக்க இருப்பது – தடுத்து நிறுத்தக் கோருவது தொடர்பாக.

பார்வை: மணிக்கூண்டுப் பராமரிப்புக் குறிப்பேடு, 34 ஆண்டுகளுக்கு முந்தையது, பக்கம் 61.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் பிரிவு ஞாயிறுதோறும் மாலை மூன்றரைக்கு நடத்தும் நடை, படகுத்துறையில் தொடங்கி, சுங்கக் கிடங்கு, மணிக்கூண்டு, மேட்டுப் பூங்கா, வட்டப் பூங்கா எனப் போய், ஆற்றோரப் பூங்காவின் பச்சைப் பெஞ்சில் முடிகிறது. அதை நடத்தும் தன்னார்வ வழிகாட்டி என் வீட்டுக்காரர். தங்கள் நகராட்சியிலேயே மணிக்கூண்டு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தாங்கள் கொடுத்த தொப்பியைச் சாப்பிடும்போதும் கழற்றுவதில்லை.

2. இது குடும்பச் சண்டை அல்ல என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். அதற்கெல்லாம் நான் மனு எழுத ஆரம்பித்தால் தங்கள் அலுவலகத்தில் அலமாரி போதாது.

3. ஆறாம் நிறுத்தத்தில் அவர் நடையாளர்களிடம் சொல்வதை அப்படியே தருகிறேன்: "முப்பத்திநாலு வருஷத்துக்கு முன்னாடி, அஞ்சு மணிக்கு வர்றேன்னு ஒரு பையன் சொன்னதுக்கு, ஆசை தாங்காம நாலு மணிக்கே வந்து இந்தப் பெஞ்சுல உக்காந்துட்டா ஒரு பொண்ணு. பையன், மணிக்கூண்டு அஞ்சு அடிக்கிறப்ப கரெக்டா வந்து நின்னான்." கூட்டம் உருகுகிறது. புகைப்படம் எடுக்கிறார்கள். ஐயா, அந்தப் பெண் நான்.

4. நான் நாலு மணிக்கு அங்கே போகவில்லை. போயிருக்கவும் முடியாது. நாலரைப் படகுக்குச் சீட்டுக் கொடுத்து முடித்து, சீட்டுக் கூண்டைப் பூட்டி, சாவியைக் கண்காணிப்பாளரிடம் ஒப்படைத்து, நடந்து போய் உட்கார்ந்தபோது மணி சரியாக ஐந்து. படகுத்துறைக் கடிகாரம் தினமும் காலையில் வானொலி நேரத்தைக் கேட்டுத் திருத்தப்படுவது. அவர் வந்து நின்றதும் நான் சொன்ன முதல் வார்த்தை, "ஒரு மணி நேரமா உக்காந்திருக்கேன்" என்பது. மனிதர் அதை வைத்துக் கணக்குப் போட்டார். தான் வந்தது ஐந்து. ஒரு மணி நேரம் கழித்தால் நாலு. ஆகவே இவள் நாலு மணிக்கே வந்துவிட்டாள். தன் கடிகாரம் தப்பாக ஓடும் என்பது அவர் புத்தியில் ஏறவே இல்லை என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

5. இதன் விளைவு சாதாரணமானதல்ல. என் நாத்தனார், அதாவது வழிகாட்டியின் அக்கா, எங்கள் கல்யாணத்தன்று தொடங்கியவர், இன்றுவரை ஓயவில்லை. நான் எதற்காவது அவசரப்பட்டால் போதும், "ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து உக்காந்தவதானே" என்பார். பஸ்ஸுக்குக் கிளம்பினாலும் அதே பேச்சு, பல் டாக்டரிடம் கிளம்பினாலும் அதே பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று பொறுத்துக்கொண்டேன். வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும். பித்தளைத் தகடு போகாது. நான் செத்த பிறகும் அந்தப் பெஞ்சில் உட்காருகிறவர்கள் எல்லோரும் என்னை ஆலாய்ப் பறந்தவள் என்றுதான் படிப்பார்கள்.

6. கேள்விப்பட்டதை வைத்துப் புகார் எழுதக்கூடாது என்பதால், நேற்று நானே குடையைப் பிடித்துக்கொண்டு நடையில் கலந்துகொண்டேன். போகிற போக்கில் கண்ட சில குறைகளையும் பதிவு செய்கிறேன். வழிப்படத்தில் இரண்டு கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது. அதை அளந்தவர் காக்கையாக இருக்க வேண்டும். மேட்டுப் பூங்காவுக்கு நாற்பத்தொரு படி. வழிப்படத்தில் ஒரு படிகூட இல்லை. வட்டப் பூங்காவில் குடிநீர்க் குழாய் என்று அம்புக்குறி இருக்கிறது, குழாயும் இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை. சுங்கக் கிடங்கில் மட்டும், வெள்ளம் ஏறிய ஆண்டுகளைச் சுவரில் கோடு கோடாகக் காட்டி அவர் விளக்கியது நன்றாக இருந்தது. அறுபது வருடம் அந்தச் சுவரைத் தாண்டிப் போனவள் நான், அந்தக் கோடுகளைப் பார்த்ததே இல்லை. நியாயமாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

7. என் முழங்கால் வலி தெரிந்த மனிதர், முன்பின் தெரியாத யாருக்கோ சொல்வது போல, "பின்னால குடை பிடிச்சு வர்ற அம்மா, கொஞ்சம் எட்டி நடங்க" என்றார். ஆறாம் நிறுத்தத்தில் நான் கையைத் தூக்கி, மணிக்கூண்டு அன்று சரியாக ஓடியதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டேன். கேள்விகளைக் கடைசியில் கேட்கச் சொன்னார். அதுதான் கடைசி நிறுத்தம் என்றேன். கூட்டம் சிரித்தது. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "இது ஆபீஸ் ஒப்புதல் குடுத்த உரைம்மா. மாத்தணும்னா எழுத்து மூலமா குடுங்க" என்றார். குடுக்கிறேன். அதுதான் இது.

8. வீடு திரும்பி, முழங்காலுக்குத் தைலம் தேடியபோது அவருடைய கருவிப் பெட்டியைத் திறக்க நேர்ந்தது. அடியில், பழைய நிமிட முள்ளுக்குக் கீழே, மழைக்கோட்டில் சுற்றி ஒரு குறிப்பேடு. எங்கள் கல்யாணத்துக்கு அடுத்த வருட வெள்ளத்தில் போய்விட்டதாக அவர் சொல்லிவந்த அதே குறிப்பேடு. பக்கம் 61, நாங்கள் பெஞ்சில் சந்தித்ததற்கு மறுநாள் காலை, அவருடைய கையெழுத்தில்: "கடிகாரம் சுமார் ஐம்பது நிமிடம் முன்னே நகர்த்தப்பட்டது. காரணம்: கவனக்குறைவு." அதாவது முந்தின நாள் அது அவ்வளவு நேரம் பின்தங்கி ஓடியிருக்கிறது. நகல் இணைத்துள்ளேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு மணிக்கூண்டையே மழைக்கோட்டில் மறைத்தவருடன் முப்பத்திநாலு வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன் என்று நேற்றுத்தான் தெரிந்தது.

9. இன்னொரு சாட்சியும் உண்டு. பூங்காக் காவலாளி மணிக்கூண்டு ஆறு அடித்ததும் விசில் ஊதிப் பூட்டுகிறவர். அன்று அவர் விசில் ஊதியபோது தெருவிளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. தெருவிளக்கு ஆறரைக்கு முன்னால் எரியாது. அப்போது நான் அதைக் கவனித்தேன். ஆனால் பேச்சு சுவாரசியத்தில் யோசிக்கவில்லை.

10. ஒரு மணி நேரம் என்று நான் சொல்லி வந்தது கோபத்தில் கொஞ்சம் கூட்டிச் சொன்னதாக இருக்கலாம். பதிவேடு ஐம்பது என்கிறது. எழுத்தில் உள்ளதற்குக் கட்டுப்படுகிறேன்.

11. ஐம்பது நிமிடத்துக்கு இவ்வளவு பெரிய மனுவா என்று தாங்கள் நினைக்கலாம். அன்று என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். முதல் கால் மணி நேரத்தில் வருவார் என்று இருந்தேன். அடுத்த கால் மணியில் எனக்கு அவமானமாக இருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் என்னையே பார்ப்பது போல் இருந்தது. மூன்று முறை எழுந்து வாசல்வரை போனேன். மூன்று முறையும் திரும்பி வந்து உட்கார்ந்தேன். இந்த ஆள் வராமல் இருக்க மாட்டான் என்று எனக்குள் ஏதோ சொன்னது. ஐயா, ஆசையில் முன்கூட்டியே வருவது யாராலும் முடியும். வராதவனை நம்பி உட்கார்ந்திருப்பது அப்படியல்ல. நான் செய்தது அது. அதைத்தான் அந்தத் தகடு என்னிடமிருந்து பிடுங்கப் பார்க்கிறது.

12. ஆகவே தாங்கள் தயைகூர்ந்து: தகட்டுப் பணியை உடனே நிறுத்த வேண்டும். வாசகத்தை, "இந்தப் பெஞ்சில் ஒரு பெண் ஐம்பது நிமிடம் காத்திருந்தாள்; தாமதம் கடிகாரத்துடையது" என்று மாற்ற வேண்டும். கடிகாரத்தின் மீது பழியைப் போட்டிருப்பது என் பெருந்தன்மை. தகட்டின் ஒரு பிரதியை என் நாத்தனாருக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். மேலும், வருகிற புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு, வானொலி நேரப்படி, தாங்கள் அந்தப் பெஞ்சை நேரில் பார்வையிட்டு, இரு தரப்பையும் விசாரிக்க வேண்டும். நான் ஐந்துக்கு இருப்பேன். எதிர்த்தரப்பையும் நேரத்துக்கு வரச்சொல்லி உத்தரவிட வேண்டுகிறேன். குழாயையும் கவனிக்கவும்.

இம்மனுவைக் கொண்டுவருபவர் எதிர்த்தரப்பே. திங்கள்தோறும் நடைக்கு வாங்கிய ஒலிபெருக்கியை ஒப்படைக்கத் தங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர் அவர்தான். என் முழங்கால் நேற்றைய படிகளோடு சரி. தெருவிளக்குப் புகார் என்று அவரிடம் பொய் சொல்லித்தான் கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டியிருக்கிறேன், பசைதான் பழையது.

இடம்: கிடங்குத் தெரு
நாள்: திங்கள், முற்பகல் 10.20 (வானொலி நேரம்)

தங்கள் நீதியை நம்பிக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ஓய்வுபெற்ற சீட்டு விற்பனையாளர்

இணைப்பு: குறிப்பேடு பக்கம் 61, கைப்பட எடுத்த நகல்.

(தாளின் அடியில், வேறு கையெழுத்தில், பென்சிலில்)

ஐயா,
பசை உண்மையிலேயே பழையது. தங்கள் அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். மேற்கண்டவை அனைத்தும் உண்மை, ஒன்றைத் தவிர. அன்று மதியம் சுத்தம் செய்யக் கடிகாரத்தை நிறுத்தினேன். அவளிடம் என்ன பேசுவது என்று மணிக்கூண்டுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்ததில், மறுபடி ஓட விட மறந்துவிட்டேன். குறிப்பேட்டில் "சுமார் ஐம்பது" என்று குறைத்து எழுதியது வெட்கத்தால். சரியாக ஐம்பத்தெட்டு நிமிடம். ஒரு மணி நேரம் என்று அவள் சொன்னது கூட்டிச் சொன்னதல்ல. தகட்டில் ஐம்பத்தெட்டு என்றே இருக்கட்டும். தாமதம் மெக்கானிக்குடையது என்றும் இருக்கட்டும்.
புதன்கிழமை நான் நாலு மணிக்கே போய் உட்கார்ந்துவிடுவேன். அவளிடம் சொல்ல வேண்டாம்.