பதக்கம் இல்லாதவர்களுக்கும் ஓர் இடம்

அக்கா,

மூன்று நாளாக மழை விடவில்லை. இன்று காலை அலமாரியைத் திறந்ததும் ஈரக் கம்பளி வாடை முகத்தில் அடித்தது. உங்கள் தண்ணீர் பாட்டில்தான். யாரோ ஒரு சிப்பாய் இடுப்பில் மாட்டிக்கொண்டு பர்மா சண்டைக்குப் போன எனாமல் பாட்டில். அதன் கம்பளி உறைக்கு எண்பது வயது. மழை வந்தால் இன்னும் வாடை வீசுகிறது. அதைக் காற்றாட வைத்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். நீங்கள் போய் எட்டு மாதமாகிறது.

அந்தப் பாட்டிலுக்குப் போட்டி போட்டுத்தானே நாம் பழகினோம். பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் பழம்பொருள் கண்காட்சி. பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவள் நான். வகுப்பில் காட்ட ஏதாவது கிடைக்குமா என்று வந்திருந்தேன். நாணயங்களையும் தபால்தலைகளையும் தாண்டிக் கடைசி மூலையில் போர்க்காலச் சாமான்கள் கிடந்தன. இரும்புத் தொப்பி, கான்வாஸ் பை, பதக்கங்கள். உங்கள் கையும் என் கையும் ஒரே நேரத்தில் பாட்டில் மேல் விழுந்தன. வியாபாரி நம் இருவரையும் பார்த்து, "குத்துவிளக்கு, வெத்தலைச் செல்லமெல்லாம் முன்வரிசையில இருக்கு. அங்கன போய்ப் பாருங்க" என்றார்.

"குத்துவிளக்கு எங்க வீட்டுல மூணு இருக்கு. இதைத் திருப்பிக் காட்டும்வே. அம்புக்குறி இருக்கான்னு பாக்கணும்" என்றீர்கள்.

இருந்தது. பட்டாளத்துச் சாமானுக்கு அதுதான் முத்திரை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பாட்டிலை நீங்கள் வாங்கினீர்கள். ஆனால் ஒரு வாரம் என் வகுப்புக்கு இரவல் தந்தீர்கள்.

அதற்குப் பிறகு மதுரை, திருச்சி, கோவை என்று எத்தனை கண்காட்சிகள். மேலப்பாளையத்திலிருந்து நான் வந்து சேரும்போது, பேருந்து நிலையத்தில் எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருப்பீர்கள். கைப்பையில் ஒரு காந்தம். பித்தளை என்று நீட்டுகிற எதையும் அதை வைத்துச் சோதிக்காமல் வாங்க மாட்டீர்கள். "செத்தவன் சாமானை வீட்டுக்குள்ள வைக்காதீங்க மைனி" என்று உங்கள் நாத்தனார் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். "முப்பது வருசம் நர்சா இருந்து செத்தவங்களத் தொட்டுத் துடைச்சு அனுப்புனவ நான். சாமான் என்னைய என்ன செய்யும்?" என்று கேட்டுவிட்டு, பாட்டிலை வரவேற்பறையில் வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி வைத்தீர்கள்.

காரணத்தை மட்டும் ஒரு வருடம் கழித்துத்தான் சொன்னீர்கள். உங்கள் அம்மா கைக்குழந்தையாக இருந்தபோது, தாத்தா சங்கரலிங்கம் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பட்டாளத்தில் காயம்பட்டவர்களைத் தூக்கிச் செல்லும் வேலைக்குப் போனார். திரும்பவில்லை. கடிதமும் இல்லை. ரங்கூனில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார் என்று ஊர் பேசியது. உங்கள் அம்மா மணையில் உட்கார்ந்திருந்தபோதுகூட 'ஓடிப்போனவன் மகள்' என்று காதுபட யாரோ சொன்னார்களாம். ஒவ்வொரு பதக்கத்தையும் நீங்கள் திருப்பித் திருப்பிப் பார்த்தது அதில் வெட்டியிருக்கும் பெயருக்காக. அவர் பெயர் எதிலும் இல்லை.

மதுரையில் ஒரு வியாபாரி அதைத் தெரிந்துகொண்டார். பெயர் வெட்டாத நட்சத்திரப் பதக்கம் ஒன்றை உங்கள் உள்ளங்கையில் வைத்து, "உங்க தாத்தா பேரை நானே குத்தித் தாரேன்க்கா. பழசு மாதிரியே இருக்கும். யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். நீங்கள் உடனே மறுக்கவில்லை. விரல்களை மூடிக்கொண்டு நின்றீர்கள். நீங்கள் 'சரி' என்று சொல்லிவிட்டால் நானும் காலமெல்லாம் வாயை மூடிக்கொள்வது என்று அந்த நேரத்தில் முடிவு செய்திருந்தேன். பிறகு பைய அதைத் திருப்பி வைத்தீர்கள்.

"ஊர்தான் பொய் சொல்லி எங்கம்மைய உசுரோட கொன்னுது. நானும் ஒரு பொய்யச் சொல்லவா?"

அடுத்த கண்காட்சி நம் ஊரிலேயே நடந்தது. சேகரிப்பவர்கள் மேசை போட்டுக் காட்சிக்கு வைக்கலாம், பரிசும் உண்டு என்றார்கள். நம் சாமான்களுக்கு நடுவில் ஒரு முழ அளவு இடத்தைக் காலியாக விட்டு, அங்கே ஓர் அட்டையை நிறுத்தினீர்கள். 'ஸ்ரீவைகுண்டம் சங்கரலிங்கம். சண்டைக்குப் போனார். திரும்பவில்லை. இவருடைய பொருள் எதுவும் கிடைக்கவில்லை.' அமைப்பாளர் வந்து பார்த்தார்.

"காலியிடத்தைக் காட்சிக்கு வைக்க முடியாதும்மா. இவரு போனதுக்கு ஆதாரம் இருக்கா?"

"ஆதாரம் இருந்தா நான் ஏன் காலியா வைக்கேன்?"

"அட்டையை எடுக்கலைன்னா பரிசுக்குச் சேர்க்க மாட்டோம்."

"பரிசை நீங்களே வச்சுக்கிடும். அட்டை இங்கனதான் இருக்கும்."

எல்லோரும் பார்ப்பது எனக்கு வெட்கமாக இருந்தது. எடுத்துவிடலாம் அக்கா என்று உங்கள் சேலையைப் பிடித்து இழுத்தேன். நீங்கள் என் கையைத் தட்டிவிட்டீர்கள். சாயங்காலம் உவரியிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் அந்த அட்டைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். "எங்க அப்பாவும் போனவருதான். பேரு சூசை. இதுல எழுதுவீகளா?" என்று கேட்டார். நீங்கள் பேனாவை என்னிடம் நீட்டினீர்கள். என் கையெழுத்துத்தான் நன்றாக இருக்கும் என்றீர்கள். கண்ணீரில் உங்களுக்கு எழுத்துத் தெரியவில்லை என்பது எனக்குத் தெரியும்.

நான்கு வருடங்களில் பத்துப் பெயர்கள் சேர்ந்தன. கடைசியில் மூச்சுக்கு நீங்கள் தவித்துக் கிடந்தபோதும், "அட்டையை மடிச்சு வைக்காத, ஏளா. மடிப்புல எழுத்து அழிஞ்சிரும்" என்றீர்கள். உங்கள் மகன் எல்லாவற்றையும் என்னிடமே தந்துவிட்டான்.

சென்ற மாதக் கண்காட்சியில் முதன்முறையாக மேசைக்குப் பின்னால் நான் மட்டும் நின்றேன். அதே அமைப்பாளர் வந்தார். "அந்த அம்மாவே போயிட்டாங்க. இன்னும் எதுக்கு டீச்சர் இது? எடுத்துருங்க" என்றார். அட்டையை நேராக நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னேன்: "நான் எடுக்க மாட்டேன் சார். எடுக்கணும்னா நீங்களே எடுங்க. இத்தனை பேரு பாத்துக்கிட்டு இருக்காங்க."

அவர் எடுக்கவில்லை. இந்த மேசை போட்டியில் இல்லை என்று ஒலிபெருக்கியில் மட்டும் அறிவித்தார். அறிவிப்பைக் கேட்டுத்தான், அது எந்த மேசை என்று பார்க்கக் கூட்டம் வந்தது. அந்தக் கூட்டத்தில் ஏரல்காரப் பெண் ஒருத்தி தன் பூட்டனார் பெயரைச் சொன்னாள். முகமது மீரான். பதினொன்று.

உங்கள் தாத்தாவின் பெயர் வெட்டிய பதக்கம் இனிமேலும் கிடைக்காமல் போகலாம். ஓடிப்போனவன் என்று யாராவது இன்னும் சொல்லவும் செய்யலாம். சொல்லட்டும். சங்கரலிங்கம், சூசை தொடங்கிப் பதினொரு பெயர்களும் எனக்கு மனப்பாடம் அக்கா. அட்டையை யாராவது கிழித்தே போட்டாலும், நின்ற இடத்தில் நின்று வரிசையாகச் சொல்வேன். சத்தமாகவே சொல்வேன்.