பதினோரு பேரும் நானும்

ஜூலை 2, செவ்வாய்
துணி அறை, மாலை மூன்றரை

அன்புள்ள நெட்டைக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், ஐந்தாவது மாடியில் காற்றாவது வரும். ஒரே கட்டடத்துக்குள் இரண்டாவது மாடியிலிருந்து ஐந்தாவது மாடிக்குக் கடிதமா என்று, இதை உன்னிடம் கொண்டுவரும் ஆயாம்மா இன்றைக்கும் சிரித்தார். என்ன செய்ய? நான் போன் பண்ணினால் உனக்கு மீட்டிங். நீ பண்ணினால் என் கையெல்லாம் சோப்பு. ஏறி வரலாம் என்றால் லிஃப்ட் நோயாளிகளுக்கே பத்தவில்லை, என் முட்டிக்குப் படியைக் கண்டாலே ஆகவில்லை. நர்சிங் ஹாஸ்டலில் முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் துண்டுச்சீட்டு எழுதிக்கொண்டோம். இப்போது நீ மேட்ரன், நான் பெண்கள் வார்டு இன்சார்ஜ். பிழைப்பு என்னவோ அதேதான்.

காலை ஆறரைக்கே இரட்டைப் பிள்ளைக்காரி போன் பண்ணினாள். இரண்டு குழந்தைக்கும் காய்ச்சலாம். வராதே, பிள்ளைகளைப் பார் என்று சொல்லிவிட்டு அவளுடைய எட்டுப் படுக்கையை நான் எடுத்துக்கொண்டேன். பத்தாம் படுக்கையில் தையல்கார அம்மா இருக்கிறார் இல்லையா, வந்தபோது முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் போட்டுப் போட்டு இப்போது நகம் அளவுக்கு வந்துவிட்டது. இன்றைக்கு அவரைக் குளிப்பாட்டித் தலை பின்னிவிட்டேன். பின்னல் கோணல் என்று குறை சொன்னார்.

நடுவில் புதுசு இந்த அறைக்குள் வந்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம்தான் ஆகிறது. நரம்பு கிடைக்காமல் ஒரு பாட்டியம்மாவை ஊசியால் இரண்டு தடவை குத்திவிட்டாள், அந்த அம்மாவின் மகன் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டான். நான் போய், திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள், இந்த வார்டுக்கு நான்தான் பொறுப்பு என்றேன். அவன் சளைக்காமல் என்னையும் திட்டினான். முடிந்ததும் அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது போல, தண்ணீர் வேண்டுமா என்று என்னையே கேட்டான். பிறகு வெந்நீரில் துணி நனைத்து அந்த அம்மாவின் கையில் சுற்றி, நரம்பு எழும்பும்வரை பேசிக்கொண்டிருந்து, புதுசையே ஊசி போட வைத்தேன். போட்டுவிட்டாள்.

நெட்டை, எனக்கு முடியவில்லைடி. முப்பத்திரண்டு படுக்கை, மூன்று ஷிஃப்டுக்கும் சேர்த்துப் பதினோரு பேர். இன்னும் இரண்டே இரண்டு பேர் கொடு. ஜனவரியிலிருந்து பார்க்கலாம் பார்க்கலாம் என்கிறாய். நேற்று சாப்பிட உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டேனாம். முகம் விழுந்துவிடப் போகிறது என்று வீட்டுக்காரர் தட்டை நகர்த்தி வைத்தாராம்.

உன்,
பொடிசு


ஜூலை 4, வியாழன்

அன்புப் பொடிசு,

உன் கடிதத்தை இரண்டு மீட்டிங்குக்கு நடுவில் படித்தேன். ஐம்பத்தாறு வயதில் நீ நோயாளிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தால் இன்சார்ஜ் நாற்காலி எதற்கு இருக்கிறது? அதில் யாராவது உட்கார்ந்து பார்த்திருக்கிறார்களா? உனக்கு மூட்டுக்கு மாத்திரை அனுப்பியிருக்கிறேன். இதையும் எடுத்து நோயாளிக்குக் கொடுத்துவிடாதே.

நல்ல சமயத்தில் கேட்டாய். நிர்வாகத்தில் எல்லா வார்டுக்கும் ஆள் கணக்கு எடுக்கிறார்கள். ஜனவரி முதல் ஜூன் வரை உன் டூட்டி சார்ட் ஆறையும் அனுப்பி வை. காகிதத்தில் இருந்தால்தான் என்னால் பேச முடியும். பார்த்து ஏதாவது செய்கிறேன்.

ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டாயா? அடுத்தவளுக்குத்தான் பார்ப்பாய், எனக்குத் தெரியும்.

அன்புடன்,
நெட்டை


ஜூலை 5, வெள்ளி

அன்புள்ள நெட்டைக்கு,

ஆறு சார்ட்டும் ஆயாம்மா கையில் கொடுத்துவிட்டேன். பார், ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. ஒரு நாள்கூட ஆளில்லாத ஷிஃப்ட் கிடையாது. லீவுச் சண்டை கிடையாது, புகார் கிடையாது. இந்தக் கட்டடத்திலேயே என் சார்ட்தான் அழகு என்று கொஞ்சம் கர்வம்கூட வந்தது, சிரிக்காதே.

நீ பார்க்கிறேன் என்று சொன்னதைப் பெண்களிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. ரெண்டு பேர் வந்தா நானும் ஒரு ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பேன் இல்ல சிஸ்டர் என்று இரட்டைப் பிள்ளைக்காரி கேட்டாள். அவள் பிள்ளைகளுக்கு அம்மாவைவிட எதிர்வீட்டு அத்தையைத்தான் நன்றாகத் தெரியுமாம். நான் இருடி, என் சிநேகிதி மேலே இருக்கிறாள் என்றேன்.

மாத்திரை கிடைத்தது. நானே சாப்பிட்டேன், சத்தியமாக.

உன்,
பொடிசு


ஜூலை 17, புதன்

அன்புப் பொடிசு,

இதை நீ ஆர்டரில் பார்ப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

கணக்கு முடிந்துவிட்டது. உன் வார்டு பதினோரு பேரை வைத்து ஆறு மாதம் ஒரு குறையுமில்லாமல் ஓடியிருக்கிறது, படுக்கைப் புண் மற்ற எல்லா வார்டையும்விடக் குறைவு. மீட்டிங்கில் உன்னைப் பாராட்டினார்கள். பாராட்டிவிட்டு, அப்படியானால் ஒன்பது பேரை வைத்தும் சமாளிக்கலாம் என்று எழுதிவிட்டார்கள். அவசரப் பிரிவுக்கு ஆள் வேண்டும். திங்கள் முதல் இரட்டைப் பிள்ளைக்காரியும் புதுசும் அங்கே போகிறார்கள்.

கையெழுத்து என்னுடையதுதான். உன் சார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் என்னவென்று மறுத்துப் பேசுவது? கோபப்படாதே. கொஞ்ச நாள்தான்.

அன்புடன்,
நெட்டை


ஜூலை 18, வியாழன்

நெட்டை,

நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. கோபம் உன்மேலா என்மேலா என்றே தெரியவில்லை.

அந்தச் சார்ட் பொய்டி. ஜூலை இரண்டாம் தேதி இரட்டைப் பிள்ளைக்காரி வரவில்லை என்று எழுதினேனே, இந்த மாத சார்ட்டில் போய்ப் பார், அன்றைக்கு அவள் வந்ததாகத்தான் இருக்கும். யாருக்காவது பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியாருக்கு ஆபரேஷன், இல்லையென்றால் இடுப்பு பிடித்துக்கொண்டது என்றால், போ என்று அனுப்பிவிட்டு அந்த இடத்தில் நான் நிற்பேன். லீவு வெட்டுப்படக் கூடாது என்று அவர்கள் பெயரை அடிக்காமல் விடுவேன். இன்சார்ஜ் பெயருக்குச் சார்ட்டில் கட்டம் கிடையாது, அதனால் என் பெயர் எங்கேயும் வராது. ஷிஃப்ட் மாறும்போது எழுதும் நோட்டை எடுத்து, என் கையெழுத்து இருக்கும் பக்கங்களை நேற்று எண்ணினேன். ஆறு மாதத்தில் தொண்ணூற்று நான்கு ஷிஃப்ட். பதினோரு பேரால் ஓடவில்லை அந்த வார்டு. பதினோரு பேரும் நானும் சேர்ந்து ஓட்டினோம்.

நல்லது செய்கிறோம் என்றுதான் செய்தேன். கடைசியில் என் கையாலேயே என் பெண்கள் இரண்டு பேரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்போது உண்மையைச் சொன்னால் தொண்ணூற்று நான்கு நாளும் அந்தப் பெண்கள் தலையில் விழும். வராமலே வந்ததாகக் காட்டினார்கள் என்று விசாரணை வைப்பார்கள். என்னை என்ன செய்தாலும் செய்யட்டும், அவர்களைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். அதனால் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன்.

ஆனால் உன்னை ஒன்று கேட்க வேண்டும். நிர்வாகத்துக்குத் தெரியாது, சரி. உனக்குத் தெரியும். மார்ச்சில் நீ ரவுண்ட்ஸ் வந்தபோது நான் கையில் பெட்பேனோடு நின்றேன், இன்னும் திருந்தலையா நீ என்று சிரித்தாய். ஏப்ரலில் பார்த்தாய். மே மாதம் நானும் ஆயாம்மாவும் ஒரு நோயாளியைத் தூக்கிக்கொண்டிருந்தபோது நீ கதவைப் பிடித்துக்கொண்டாய். எல்லாம் தெரிந்தும் எப்படிடி கையெழுத்துப் போட்டாய்?

பொடிசு


ஜூலை 20, சனி

பொடிசு,

தெரியும். மழுப்பிப் பிரயோஜனம் இல்லை.

அவசரப் பிரிவில் ஒருத்தி பதினான்கு பேரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம் அங்கே ஒரு பெண் மருந்துத் தட்டோடு மயங்கி விழுந்தாள். எங்கேயிருந்தாவது இரண்டு பேரை எடுத்தே ஆக வேண்டும். ஆண்கள் வார்டில் எடுத்தால் அந்த இன்சார்ஜ் சங்கத்தைக் கூட்டிக்கொண்டு என் அறை வாசலில் உட்கார்ந்துவிடுவாள். குழந்தைகள் வார்டில் எடுத்தால் டாக்டர்களே சண்டைக்கு வருவார்கள். உன்னிடம் எடுத்தால் இரண்டு நாள் பேசமாட்டாய், மூன்றாம் நாள் நீயே நின்று சமாளித்துவிடுவாய். சிநேகிதி என்பதால் உன்னை விட்டுவைக்கவில்லை. சிநேகிதி என்பதால்தான் உன்னிடம் எடுத்தேன். எழுதும்போதே எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

ஒரே வழிதான் இருக்கிறது. திங்கள்கிழமையிலிருந்து ஒரு வாரம் நாற்காலியில் உட்கார். எதையும் தொடாதே. வேலை தேங்கட்டும், புகார் வரட்டும். அப்போதுதான் எனக்கு மேலே இருப்பவர்களுக்கு உறைக்கும். உன்னால் முடிந்தால் மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நெட்டை


ஜூலை 25, வியாழன்

நெட்டை,

உட்கார்ந்து பார்த்தேன். செவ்வாய்க்கிழமை காலை, மூன்று மணி நேரம்.

முதல் ஒரு மணி நேரம் ரிஜிஸ்டரில் கோடு போட்டேன். டூட்டியில் இரண்டே பேர், ஓடிக்கொண்டிருந்தார்கள். சிஸ்டருக்கு உடம்புக்கு முடியவில்லை போல என்று நினைத்து ஒருத்தி எனக்குத் தேநீர் வேறு கொண்டுவந்து வைத்துவிட்டு ஓடினாள். ஒன்பதே காலுக்குத் தையல்கார அம்மாவைப் புரட்ட வேண்டும். யாரும் வரவில்லை. அவர் கூப்பிடவும் இல்லை. நான் அங்கேயே உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரிகிறது, என்னைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். பத்தரைக்கு மெதுவாகக் கேட்டார்: "உங்களுக்கு என்மேல ஏதாவது கோபமாம்மா?"

எழுந்துவிட்டேன். புண் இருந்த இடம் மறுபடி சிவந்திருந்தது. என் பிடிவாதத்தைக் காட்ட அந்த அம்மாவின் முதுகுதானா கிடைத்தது? இது என்னால் ஆகாது. நீயும் என்னிடம் இதைக் கேட்டிருக்கக் கூடாது.

இரண்டு நாளாகப் பழையபடி நிற்கிறேன். நேற்று இறங்கும்போது படியில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன், ஆயாம்மாதான் தூக்கிவிட்டார்.

இத்துடன் ஒரு விண்ணப்பம் வைத்திருக்கிறேன். இன்சார்ஜ் பொறுப்பிலிருந்து என்னை விடுவித்து, இதே வார்டில் சாதாரண ஸ்டாஃப் நர்ஸாகப் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு என் பெயருக்கும் சார்ட்டில் ஒரு கட்டம் இருக்கும். நான் செய்வது ஒரு ஆள் செய்கிற வேலையாகக் கணக்கில் ஏறும். நான் இல்லாத நாள் இல்லாத நாளாகத் தெரியும். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் எனக்காக உன்னிடம் கேட்பது இது ஒன்றுதான்.

இனிமேல் கடிதம் வேண்டாம். எனக்கு அன்புடன் என்று எழுதுகிற அதே பேனாவில்தான் அந்த ஆர்டரிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. விண்ணப்பத்துக்குப் பதிலை ஆபீஸ் வழியாகவே அனுப்பு.

பெண்கள் வார்டு இன்சார்ஜ்


ஜூலை 28, ஞாயிறு

பொடிசு,

கடிதம் வேண்டாம் என்றாய். இது ஒன்றை மட்டும் படித்துவிடு.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடவில்லை, திருப்பி அனுப்பியிருக்கிறேன். நேற்று நானே அவசரப் பிரிவுக்குப் போய் ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். அந்த இரண்டு பெண்களையும் அங்கேயிருந்து எடுக்க எனக்கு மனசு வரவில்லை, எடுத்தால் அங்கே உயிர் போகும். உன் வார்டையும் இப்படியே விட முடியாது. அதனால் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். புதிதாக இரண்டு பேரை வேலைக்கு எடுக்கும்வரை பெண்கள் வார்டில் காலை ஷிஃப்டில் மேட்ரன் வேலை பார்ப்பார். ஃபைல், மீட்டிங், கையெழுத்து எல்லாம் இரண்டு மணிக்கு மேல்தான். படித்துவிட்டு நிர்வாகத்தில் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, மேட்ரன் செய்கிற வேலையா இது என்று சத்தம் போட்டார். ஆமாம் என்றேன்.

நாளை ஏழு மணிக்கு வருகிறேன். சார்ட்டில் கடைசியாக ஒரு கட்டம் போட்டு என் பெயரைப் பேனாவால் எழுது. அதற்குக் கீழே இன்னொரு கட்டம் போட்டு, நீ நிற்கிற நாளெல்லாம் உன் பெயரையும் எழுது. இனி யாராவது வராவிட்டால் வரவில்லை என்றே எழுது, அந்த லீவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

நான் ஒரு நோயாளியைத் தூக்கி ஒன்பது வருஷம் ஆகிறது. கை மறந்திருக்கும். தப்புச் செய்தால் பெண்கள் முன்னாலேயே திட்டு. என்னோடு பேச வேண்டாம், சிரிக்க வேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம். எந்தப் படுக்கையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று மட்டும் சொல்.

நெட்டை