ஞாபக மாத்திரைகளைத் திருப்பி அனுப்புகிறேன்

அன்பு மகன் செழியனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று தொடங்க எனக்கும் ஆசைதான். அந்தப் பொய்யை எழுதக் கை வரவில்லை. நீயாவது கோயம்புத்தூரில் நன்றாக இரு.

இந்தப் பார்சலில் கடிதத்துக்குக் கீழே நீ அனுப்பிய மாத்திரைப் பாட்டில்கள் இருக்கும். பிரித்தது, பிரிக்காதது எல்லாவற்றையும் பழைய துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன். போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் "ஒரு நிமிஷம் கேளும்மா" என்று ஆரம்பித்து, மாத்திரை விற்க உன் கம்பெனி மீட்டிங்கில் பேசுவதையெல்லாம் என்னிடம் பேசுவாய். கடிதத்தில் நீ குறுக்கே புக முடியாது. படித்துத்தான் ஆக வேண்டும்.

அப்பாவுக்கு மறதி வருகிறது, தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய்க் காட்டட்டுமா என்று போன வருஷம் உன்னைத்தான் முதலில் கேட்டேன். "டாக்டர்கிட்ட போனா ஆயுசுக்கும் மருந்துதாம்மா. இது மூலிகை. மூணே மாசத்துல மூளை பளிச்சுன்னு ஆயிடும்" என்றாய். படித்த பிள்ளை சொல்கிறானே என்று நம்பினேன். வல்லாரை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நம் வாய்க்கால் ஓரத்தில் மிதிபட்டுக் கிடக்கிறது. அதைத் துவையல் அரைத்துப் போட்டுத்தான் உன்னையும் வளர்த்தேன். அதையே பொடித்துப் பாட்டிலில் அடைத்து, அதைக் காட்டி அப்பாவை டாக்டரிடம் போகவிடாமல் செய்தாயே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

காலையில் போட்ட மாத்திரையை மறந்துவிட்டு மத்தியானம் மறுபடி போட்டுக்கொள்வார். கடைசியில் பாட்டிலை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தேன். ஞாபகத்துக்கு மருந்து என்று வாங்கி, அதை அவருக்குத் தெரியாமல் ஒளித்துவைக்கிற பிழைப்பு எனக்கு!

பொங்கலுக்கு வந்தபோது அவரைக் கொட்டகை முன்னால் உட்காரவைத்து வீடியோ எடுத்தாய். சின்ன வயதில் நட்ட நெல்லின் பேரையெல்லாம் சொல்லச் சொன்னாய். கிச்சிலிச் சம்பா, குழிவெடிச்சான், காட்டுயானம் என்று மடமடவென்று சொன்னார். பழசு அவருக்கு எப்போதடா மறந்தது? அன்று காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அதை நீ கேட்கவில்லை. "எங்கப்பாவுக்குத் திரும்பி வந்த ஞாபகம்" என்று பேர் போட்டு ஊரெல்லாம் அனுப்பினாய். பெற்ற தகப்பன் முகத்தைக் கடை போர்டாக மாட்டிவிட்டாயே, உனக்குக் கூச்சமாகவே இல்லையா?

இந்தக் குறுவைக்கு அப்பா விதைநெல்லை ஊறவைத்து, தண்ணீரை வடித்து, சாக்கில் கட்டி, முளைவிட வைக்கோல் போட்டு மூடிவைத்தார். நான் மயிலாடுதுறையில் சித்தி வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன். சாக்குக்குள் கையை விட்டுச் சூட்டைப் பார்த்தே விதைக்கிற நேரத்தைச் சொல்லிவிடுகிற மனிதர் அவர். தெருவில் பாதிப் பேர் அவரைக் கூப்பிட்டுத்தான் தங்கள் மூட்டையைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார்கள். அவர் தன் மூட்டையை அடியோடு மறந்துபோனார். நான் திரும்பி வந்தபோது கொட்டகையிலிருந்து ஒரே நாற்றம். பிரித்தால் முளை நீண்டு, வேர் ஒன்றோடொன்று பின்னி, நடுவில் அழுகி, கை வைக்க முடியாத சூடு. அவரோ என் பின்னாலேயே வந்து நின்றுகொண்டு, "விதை எப்ப வாங்கப் போறோம் மலரு?" என்று கேட்கிறார்.

மறுநாளே உன்னைக் கேட்காமல் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனேன். ரத்தத்தில் பி12 சத்து ரொம்பவும் குறைந்து கிடக்கிறதாம். அதனாலும் மறதி வருமாம். ஊசி போட ஆரம்பித்திருக்கிறார்கள். கொஞ்சம் திரும்பலாம், எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. நான் காட்டிய உன் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போன வருஷமே வந்திருக்கலாமேம்மா" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பின்தெரு தங்கம்மாள் வீட்டுக்காரரும் இப்போது சாவியைத் தேடுகிறார், வழியைத் தேடுகிறார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ என்று படித்துப் படித்துச் சொன்னேன். "ஒங்க வீட்டுக்காரருக்கே சரியாப் போச்சே. ஒங்க மவந்தான வீடியோவுல காட்டுனான்" என்று உன் பாட்டிலை எடுத்து நீட்டுகிறாள். ஆட்டுக்குட்டியை விற்று வாங்கினாளாம். கூடவே இருக்கிற என் பேச்சை நம்பவில்லை, உன் வீடியோவை நம்புகிறாள். அதை உடனே அழித்துவிடு. அழித்தால் மட்டும் போதாது. யாருக்கெல்லாம் அனுப்பினாயோ அவர்களிடமெல்லாம் அப்பாவுக்குச் சரியாகவில்லை என்று உன் வாயாலேயே சொல்ல வேண்டும். தங்கம்மாளிடம் முதலில் சொல்லு.

அவள் அந்த வீடியோவை அப்பாவிடமே போட்டுக் காட்டினாள். ரசித்துப் பார்த்தார். தன் முகம் தெரிந்தது, கொட்டகை தெரிந்தது, நெல் பேரையெல்லாம் கூடவே சொல்லிக்கொண்டு வந்தார். முடிந்ததும் என் பக்கம் திரும்பினார். "கேள்வி கேக்குற பையன் நல்லாத்தான் கேக்குறான். யாரு மலரு, நம்ம ஊரா?" என்றார்.

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை அடுத்த ஊசி. அதற்குள் வந்து சேர். வரும்போது பாட்டில், பை ஒன்றும் வேண்டாம். வாசலில் நின்று உன் பேரை நீதான் அவரிடம் சொல்ல வேண்டும். நான் எடுத்துக்கொடுக்க மாட்டேன். தெரியவில்லை என்றால் முகத்தைத் தூக்கிக்கொள்ளாமல் மறுபடி சொல்லு.

பஸ்ஸில் ஏறும் முன் சாப்பிட்டுவிட்டு ஏறு. நீ நன்றாக இருக்க வேண்டும், அவருக்கும் அது தெரிய வேண்டும்.

கோபம் தீராத உன் அம்மா,
மலர்க்கொடி